ஆழம் என்று எழுதிய சுவர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். வீட்டிலும் சரி, நான் கணக்கு சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்திலும் சரி, இது தெரியாதவர்கள் கிடையாது. பஸ்ஸில் வந்து உரசினவனைச் செருப்பைக் கழற்றிக் காட்டி பாதி வழியில் இறக்கிவிட்டிருக்கிறேன். ரேஷன் கடையில் எடையை ஏமாற்றினவனைத் தெருவே கூடி வேடிக்கை பார்க்கிற மாதிரி திட்டியிருக்கிறேன். அதற்கெல்லாம் நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. ஒரே ஒரு கோபம் மட்டும் தொண்டையில் மாட்டிய மீன் முள்ளாக இன்னும் உறுத்துகிறது. ஊரில் எனக்கு நல்ல பெயர் வாங்கிக்கொடுத்ததே அந்தக் கோபம்தான் என்பதுதான் கொடுமை.

அப்போது தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ் ரோட்டுப் பக்கம் ஒரு வாடகை வீட்டின் கீழ் போர்ஷனில் இருந்தேன். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில், கப்பல் பட்டறையில் வெல்டர். தெருவில் பாதி வீடுகளில் ஆம்பிளை கிடையாது. எல்லாரும் துபாய், சவுதி, சிங்கப்பூர் என்று போயிருந்தார்கள். செல்போன் இன்னும் எங்கள் கைக்கு வராத காலம். எங்கள் வீட்டில் டெலிபோன் இருந்ததால் வெள்ளிக்கிழமை ஆனால் அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்கள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி பேசும்போது மற்றவர்கள் காது கேட்காத மாதிரி சுவரைப் பார்ப்பார்கள். அழுகை வந்தால் நான் காப்பி போடப் போய்விடுவேன்.

மாடி போர்ஷனுக்கு அவள் வந்தாள். முத்துப்பேட்டைப் பக்கத்துக் கடலோர ஊர். முஸ்லிம் குடும்பம். புருஷன் துபாயில் ஒரு கடையில் வேலை பார்த்தார். மகளை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டும் என்று மாமியாரையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூருக்குக் குடிவந்திருந்தாள். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். வந்த வாரத்திலேயே நான் அவளுக்கு அக்கா ஆகிவிட்டேன். அவள் எனக்கு "இவளே" ஆனாள். அப்படித்தான் நான் எனக்குப் பிடித்தவர்களைக் கூப்பிடுவேன்.

எங்கள் ரோட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் பொது நீச்சல்குளம் இருந்தது. கம்பி வேலிக்குள் நீலமாகத் தெரியும். சித்திரை வெயிலில் ஆறு, வாய்க்கால் எல்லாம் வெறும் மணலாகக் கிடக்க, ஊரிலேயே நிறைந்த தண்ணீர் அது ஒன்றுதான். ஒருநாள் கடைத்தெருவுக்குப் போய்விட்டு இரண்டு பேரும் அந்த வழியாக நடந்து வந்தோம். அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"அக்கா, பொம்பளைங்களுக்குன்னு தனியா நேரம் இருக்காமே, நெசமா?"

"சனி, ஞாயிறு காலையில ஒம்போதுலேருந்து பத்து வரைக்கும். ஏன், எறங்கணுமா?"

அவள் சிரித்தாள். பிறகு சொன்னாள். "நான் பொறந்தது கடக்கரையிலக்கா. எங்க அத்தா, தம்பிங்க எல்லாம் கடல்ல மீன் மாதிரி போவாங்க. நான் மொழங்காலுக்கு மேல தண்ணியப் பாத்ததில்ல. பாவாடை நனைஞ்சா அடி விழும். ஒரே ஒரு தடவை, இந்தச் சுவத்துலேருந்து அந்தச் சுவத்துக்குப் போயித் தொட்டுட்டா போதும்க்கா. அப்புறம் எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

அந்தச் சுவர் என்று அவள் காட்டியது குளத்தின் மறுகோடி. அங்கே சிவப்பு பெயிண்டில் பெரிதாக 'ஆழம்' என்று எழுதியிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை போனில் அவள் புருஷனிடம் கேட்டாள். கணவரை அவள் மச்சான் என்றுதான் கூப்பிடுவாள். மச்சான் தடுத்துப் பேசுவார் என்று நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். ரிசீவரை என்னிடம் கொடுக்கச் சொன்னார். "கத்துக்கட்டும்க்கா. இங்கல்லாம் பொம்பளைங்க நல்லாவே நீஞ்சுறாங்க. நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னா எனக்கு ஒரு கவலையும் இல்ல" என்றார். ஊருக்கு வந்த ஒரு நண்பரிடம் ரப்பர் தொப்பியும் நீச்சல் கண்ணாடியும் கொடுத்தனுப்பினார். மாமியார் மட்டும் முணுமுணுத்தார். அவரும் கடைசியில் "தலையத் தொவட்டாம வந்துடாத, சளி புடிக்கும்" என்பதோடு விட்டுவிட்டார். கையும் காலும் முழுக்க மூடுகிற மாதிரி நைலான் துணியில் ஒரு சுடிதாரை நானே தைத்துக்கொடுத்தேன்.

எனக்கு நீச்சல் யாரும் சொல்லித்தரவில்லை. பூதலூர்ப் பக்கத்து வாய்க்காலில் தானாக வந்தது. ஆனால் அவளுக்குச் சொல்லித்தரும்போது நான் டீச்சர் ஆகிவிட்டேன். அவளைக் குப்புறப் படுக்கவைத்து வயிற்றுக்கு அடியில் என் கையை வைத்துத் தாங்கிக்கொண்டு, "காலை அடி, மூச்சை விடு, கழுத்தை ஏன்டி வெறைக்கிற" என்று கத்துவேன். அவள் ஒவ்வொரு தடவையும் "அக்கா, கைய எடுத்துடாதீங்க, கைய எடுத்துடாதீங்க" என்பாள். "எடுக்க மாட்டேன், போ" என்பேன். உண்மையிலேயே எடுக்கவில்லை. நிறைய தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டு, "யா அல்லா, மருந்து வாடை" என்று துப்பிவிட்டு மறுபடியும் படுப்பாள். அப்படி ஒரு பிடிவாதத்தை எந்தப் பிள்ளையிடமும் நான் பார்த்ததில்லை. மாடியில் இரவெல்லாம் கட்டிலில் குப்புறப் படுத்துக் காலை அடித்துப் பழகுகிறாள் என்று அவள் மகள் வந்து போட்டுக்கொடுத்தாள்.

இதில் நிம்மதியாக நீந்தியது பாதி நேரம்தான். மீதி நேரம் ஆம்பிளைகளோடு மல்லுக்கட்டு. பத்து மணிக்கு அவர்கள் முறை. ஒன்பதரைக்கே வந்து வேலி ஓரம் நிற்பார்கள். விசில், பாட்டு, ஒவ்வொருத்திக்கும் ஒரு பட்டப்பெயர். பிறகு வேலியிலிருந்து படிக்கு வருவார்கள். படியிலிருந்து தண்ணீருக்கு. நாங்கள் நிற்கிற இடமாகப் பார்த்து மேலேயிருந்து தொப்பென்று குதிப்பார்கள், தண்ணீர் முகத்தில் அறையும். முங்கி வந்து எங்கள் காலுக்கு இடையில் நீந்திப் போவார்கள். ஏன்டா என்று கேட்டால் "தண்ணிக்குள்ள கண்ணு தெரியல சிஸ்டர்" என்பார்கள். ஒரு பெண்ணின் துண்டை எடுத்து வேலிக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு, அவள் எப்படிப் போய் எடுக்கிறாள் பார்ப்போம் என்று உட்கார்ந்திருந்தார்கள். வாட்ச்மேனிடம் சொன்னால், "நானும் சொல்லத்தான்மா செய்யறேன், கேட்டாத்தானே? நீங்க கொஞ்சம் முன்னாடியே ஏறிடுங்களேன்" என்பார். ஏறவேண்டியது நாங்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பொம்பளைங்க இருக்கோம்ல, கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"அதுக்குத்தானே வந்தோம்" என்றான் ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தப் பதில் எனக்குப் புரிவதற்கே கொஞ்ச நேரம் ஆனது. ஏனென்றால் எங்கள் ஊரில் 'பொம்பளைங்க இருக்கோம்' என்ற சொல்லுக்கு ஒரு மரியாதை இருந்தது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டு, அறுத்து வளர்த்த பிள்ளை நான். எங்கள் தெருவுக்கு வாய்க்காலில் தனித்துறை. பெண்கள் குளிக்கிற நேரத்தில் அந்த வழியாக வருகிற ஆண்கள் வாய்க்கால் வளைவிலேயே செருமுவார்கள். "பொம்பளைங்க இருக்கோம்" என்று ஒரு குரல் கொடுத்தால் வந்தவர் அப்படியே திரும்பி மதகுப் பக்கம் போய்விடுவார். அது சொல்லித்தந்து வந்ததில்லை, பழக்கம்.

செருமாமல் வருகிறவனுக்கு வேறு ஒரு வழி வைத்திருந்தார்கள். எந்தப் பெண்ணிடம் வம்பு செய்தானோ அவளைக் கையைப் பிடித்துக் கரையேற்றுவார்கள். வரப்பில் நடுவில் அவளை நிறுத்திவிட்டு, சுற்றி நின்று எல்லாரும் ஒரே குரலில் கத்துவார்கள். நடவு வயல் கடைசி வரைக்கும் கேட்கும். மாமன், சித்தப்பன், அண்ணன் என்று மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவருவார்கள். ஒரு தடவை பெரிய பண்ணை வீட்டுப் பையன் புதருக்குப் பின்னால் நின்று பார்த்தான். அவனைக் கேட்க எங்கள் ஆண்களுக்கே பயம். ஆனால் அன்றைக்குப் பெண்கள் போட்ட கூச்சலில் அவன் வேட்டியை அள்ளிப் பிடித்துக்கொண்டு சேற்றில் விழுந்து எழுந்து ஓடினான். நடுவில் நின்ற பெண்ணுக்கு அப்போது ஒரு வெட்கமும் இல்லை. சுற்றி இருந்ததெல்லாம் அவள் சொந்தம். அவளும் சேர்ந்துதான் கத்தினாள். நான் ஈரப் பாவாடையோடு அந்த வட்டத்தில் நின்றேன். பணமும் நிலமும் இல்லாத எங்கள் பெண்களுக்குத் தொண்டை ஒன்றுதான் ஆயுதம் என்று அன்றைக்கு மனசில் விழுந்துவிட்டது.

இதை ஒரு தடவை அவளிடம் பெருமையாகச் சொன்னேன். "அதே மாதிரி இங்கயும் எவனாவது கைய வக்கட்டும், அப்ப பாரு" என்றேன்.

அவள் முகம் மாறியது. "அய்யய்யோ, வேண்டாங்க்கா. நம்ம ஊரா இது? எவன் எதச் செஞ்சாலும் நம்ம பாட்டுக்கு நீஞ்சிட்டுப் போயிடுவோம்" என்றாள்.

"ஆமா, இப்படியே விட்டுக்கிட்டுப் போ. நாளைக்கு வீட்டு வாசல்ல வந்து நிப்பானுங்க" என்று நான்தான் அவளை அடக்கினேன். அவள் சொன்னதை நான் காதிலேயே வாங்கவில்லை.

மே மாதம் முடிகிற சமயம். பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் சனிக்கிழமைகளில்கூட எனக்கு வேலை இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஆழத்துச் சுவர் வரைக்கும் முழுக்கப் போய்விடுவது என்று அவள் முடிவுசெய்திருந்தாள். பாதிக் குளம் வரைக்கும் தனியாகப் போய்த் திரும்புகிற அளவுக்குத் தேறியிருந்தாள். ஆழம் தொடங்குகிற இடத்தில்தான் பயந்து திரும்பிவிடுவாள். அன்று காலையில் படியில் உட்கார்ந்து தொப்பியை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"அக்கா, இன்னைக்கு நீங்க தண்ணிக்குள்ள வராதீங்க. மேல நடந்து வாங்க. ஓரமாவே நீஞ்சுறேன், பயந்தா கம்பியப் புடிச்சுக்கறேன். ஆனா நீங்க என்னத் தொடக்கூடாது. நான் தண்ணி குடிச்சாலும் சரி, முங்கி எந்திரிச்சாலும் சரி, தொடவே கூடாது. நானாப் போயி சுவத்தத் தொடணும்."

"போடி, பெரிய மகராணி" என்றேன். "சரி, தொடல. போ."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் கிளம்பினாள். அழகாக நீந்தினாள் என்று சொல்ல முடியாது. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ஆனால் நிற்காமல் போனாள். நான் சிமெண்ட் ஓரத்தில் அவளோடு கூடவே நடந்தேன். எனக்கே மூச்சு வாங்கியது. பாதி தாண்டினாள். திரும்புவாள் என்று நினைத்த இடத்தில் திரும்பவில்லை. தண்ணீர் கருநீலமாகத் தெரிகிற இடத்துக்குள் போய்விட்டாள். "சபாஷ்டி என் தங்கம்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் ஆம்பிளைகள் இறங்கினார்கள். பத்து மணி ஆகவில்லை. 'அதுக்குத்தானே வந்தோம்' என்று சொன்னவன் முங்கிப் போவதைப் பார்த்தேன். நிழல் மாதிரி தண்ணீருக்கடியில் போனான். நேராக அவள் பின்னால் போய்க் கணுக்காலைப் பிடித்து இழுத்தான். அவள் தலை உள்ளே போனது. என் உயிரே போனது. உடனே மேலே வந்தாள், இருமினாள், காலை உதறினாள். அவன் இரண்டு கை தள்ளி மேலே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூட்டாளிகளைப் பார்த்துச் சிரித்தான்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. "அட எடுபட்ட பயலே!" என்று கத்தினேன். மண்டிபோட்டு, எட்டி, அவள் கையை மணிக்கட்டில் பிடித்தேன். ஒரே இழுப்பில் ஓரத்துக்குக் கொண்டுவந்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்கிச் சிமெண்டில் ஏற்றி நிறுத்தினேன். நடவு நட்ட கை, பலம் இருக்கும். தொப்பி கழன்று தண்ணீரில் விழுந்துவிட்டது. முடி முகமெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வாங்கடி எல்லாரும்! வாட்ச்மேன்! யோவ்! எல்லாரும் வாங்க! பாருங்க! இந்தப் புள்ளயத்தான் அந்தக் கட்டையில போறவன் காலப் புடிச்சு இழுத்தான்! இதோ நிக்கிறா பாருங்க!"

பாருங்க என்று கத்தியது நான். பார்த்தார்கள். வாட்ச்மேன் பார்த்தார். வேலி ஓரம் நின்றவர்கள் எல்லாரும் ஓடிவந்து பார்த்தார்கள். ரோட்டில் போனவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் தைத்துக்கொடுத்த நைலான் துணி உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு அப்படியே கீழே குந்தினாள். "வேண்டாங்க்கா, போயிடுவோம்க்கா" என்றாள்.

நான் அவளைத் தூக்கி மறுபடியும் நிறுத்தினேன். "ஏன்டி உக்கார்ற? நீ என்ன தப்பு பண்ண? நிமுந்து நில்லு!" என்றேன்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். இன்றைக்கும் எந்தப் பெண்ணிடமும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்தச் சிமெண்டில், அத்தனை கண்களுக்கு நடுவில், குந்தியிருந்த ஒருத்தியைக் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்த எனக்கு என்ன உரிமை இருந்தது? அங்கே ஓடிவந்தவர்களில் அவளுக்கு மாமன் இல்லை, சித்தப்பன் இல்லை. இது வாய்க்கால் வரப்பு இல்லை என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். கூட நீந்த வந்த ஒரு பெண்தான் அவள் புர்க்காவை எடுத்துவந்து மேலே போர்த்தினாள். அது எனக்குத் தோன்றவில்லை. வாட்ச்மேன் பிடித்துக் கரையேற்றிய அவனை நான் செருப்பால் அடித்துக்கொண்டிருந்தேன்.

யாரோ சொல்லிப் போலீஸ் வந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்கு எல்லாரும் போனோம். எனக்கு அப்போதும் வெறி அடங்கவில்லை. இந்தத் தடவை விடக்கூடாது என்று நின்றேன். அவளை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். புர்க்காவின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் தேங்கியது. அங்கிருந்த போலீஸ்காரர் கேட்டார், "எங்கம்மா புடிச்சான்? சரியா சொல்லு."

"கால்ல."

"கால்ல மட்டுந்தானா? வேற எங்கயாவது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான், "எங்க புடிச்சா என்ன சார், புடிச்சது புடிச்சதுதானே!" என்று மேசையைத் தட்டினேன். அவன் தண்ணீருக்குள் தெரியாமல் கை பட்டுவிட்டது என்று அழுதான். அவன் அப்பா வந்து என் காலில் விழப் போனார். கடைசியில் மன்னிப்புக் கேட்கவைத்து, இனிமேல் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று எச்சரித்து அனுப்பினார்கள். நான் ஜெயித்துவிட்டேன். ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். அவள் புர்க்காவின் ஈர நுனியைப் பிழிந்துகொண்டே வந்தாள். பயந்துபோயிருக்கிறாள், பாவம், என்று நினைத்தேன்.

அதன் பிறகு குளத்தில் நல்ல மாற்றம் வந்தது. அதை மறைக்க முடியாது. வேலியைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். பெண்கள் நேரம் முடிகிற வரைக்கும் வெளி கேட்டைப் பூட்டினார்கள். கேட்டில் ஒரு அம்மாவை உட்காரவைத்தார்கள். பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். "எல்லாம் டீச்சர் போட்ட சத்தம்" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். ஒரு விழாவில் என்னை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். நானும் வெட்கமில்லாமல் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

அவள் மட்டும் வரவில்லை. முதல் வாரம் மாமிக்கு உடம்பு சரியில்லை என்றாள். அடுத்த வாரம் மகளுக்குக் காய்ச்சல். கேட்கக் கேட்க ஏதாவது ஒன்று. மாமியார் என்னிடம் கோபப்படக்கூட இல்லை. "ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வந்துடுச்சே டீச்சரம்மா எங்க வீட்டுப் புள்ள" என்று ஒரு தடவை சொன்னார். அந்தச் செய்தி அவர்கள் ஊருக்குப் போய், அங்கிருந்து துபாய்க்குப் போய், அவள் புருஷன் தங்கியிருந்த ரூம் வரைக்கும் போயிருந்தது. வெள்ளிக்கிழமை போனில் அவர் என்னிடம், "அவ ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாக்கா. நீங்க பக்கத்துல இருந்தீங்கள்ல?" என்றார். குறைசொல்கிற குரலே இல்லை. "இருந்தேன் தம்பி" என்றேன். ரிசீவரை அவளிடம் கொடுத்துவிட்டு, யாரும் அழாமலே காப்பி போட அடுப்படிக்குப் போனேன்.

அடுத்த வருஷம் வீட்டைக் காலிசெய்துகொண்டு திருத்துறைப்பூண்டியில் மாமியாரின் சொந்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ஆனால் எனக்குள் இருந்தது பிரிவு மட்டும்தான். அவளை ஊர் பேசுகிற மாதிரி ஆகிவிட்டதே, நான் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போயிருக்கக்கூடாதோ என்று ஒரு உறுத்தல் இருந்தது. தப்பு செய்தவன் அவன், பேசுகிறது ஊர், நடுவில் நான் என்ன செய்ய என்று அதைத் தட்டிக்கழித்து வைத்திருந்தேன். என் தப்பு எது என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பல வருஷம் கழித்து என்னிடம் படித்த ஒரு பையனின் கல்யாணத்துக்குத் திருத்துறைப்பூண்டி போயிருந்தேன். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரை விட்டு வந்து, அவருக்குத் தலையும் நரைத்துவிட்டது. அவள் புருஷனும் திரும்பிவந்து கடைவீதியில் மிக்ஸி, கிரைண்டர் விற்கிற கடை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே போனேன். கதவைத் திறந்தவள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அக்கா!" என்று கத்தியே விட்டாள். சதை போட்டிருந்தாள். மகளுக்குக் கல்யாணம் ஆகி அவள் கத்தாரில் இருக்கிறாளாம். மாமியார் தவறிவிட்டார். பேசிப் பேசித் தீரவில்லை. டீ வந்தது, தட்டு நிறைய முறுக்கு வந்தது.

நான்தான் குளத்துப் பேச்சை எடுத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவளா நான்? இப்போது பெண்களுக்குத் தினமும் நேரம் இருக்கிறது, போட்டிக்கெல்லாம் பிள்ளைகள் போகிறார்கள் என்று சொன்னேன். "எல்லாம் உன்னால வந்ததுடி" என்றேன். அவள் சிரித்தாள்.

"அந்தப் பய மூஞ்சி எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது" என்றேன். "இன்னைக்குப் பாத்தாலும் ரெண்டு போடுவேன்."

"எனக்கு அவன் மூஞ்சியே ஞாபகம் இல்லக்கா."

"எப்படிடி? காலப் புடிச்சு முக்கினானே!"

"புடிச்சான். ஒதைச்சேன், விட்டுட்டான். அவ்வளவுதான்." அவள் முறுக்கை இரண்டாக உடைத்து ஒரு பாதியை என் பக்கம் வைத்தாள். "அப்புறம் நான் அவனத் திரும்பிக்கூடப் பாக்கலக்கா. சுவத்தத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அந்தச் செவப்பு எழுத்து பெருசாகிக்கிட்டே வந்துச்சு. பெயிண்ட் உரிஞ்சிருந்ததெல்லாம் தெரிஞ்சுது. இன்னும் நாலு தடவை கைய வீசியிருந்தா தொட்டிருப்பேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் முகத்தையே பார்த்தேன்.

"நான் நிக்கலக்கா" என்றாள். "நான் நீஞ்சிக்கிட்டுத்தான் இருந்தேன்."

கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சியை எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப்பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவனைத்தான் பார்த்தேன். அவன் சிரிப்பைத்தான் பார்த்தேன். இப்போதுதான் அவள் பக்கம் பார்த்தேன். இருமினாள், காலை உதறினாள், பிறகு கை மேலே வந்தது. ஆமாம், கை மேலே வந்தது. நான் எட்டிப் பிடித்தது உதவிக்கு நீட்டிய கையை இல்லை. அடுத்த வீச்சுக்குத் தூக்கிய கையை.

அவனை அவளே உதறிவிட்டாள். என்னை உதற அவளால் முடியவில்லை. அன்று அவளை நிறுத்தியது நான்தான்.

"ஏன்டி அப்பவே சொல்லல?" என்றேன்.

"எப்படிக்கா சொல்றது? எனக்காகத்தானே சண்டை போட்டீங்க. ஊரே உங்களப் பாராட்டுது." வருத்தமே இல்லாத குரலில், "தொடக்கூடாதுன்னு சொல்லியிருந்தேன்ல" என்றாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவசரம் அவசரமாக, "வாடி, இப்பவே கெளம்பு. காரு வச்சுப் போவோம். மூணு நாள் என் வீட்ல தங்கு. மறுபடி சொல்லித்தரேன். நான் தண்ணிகிட்டயே வரல, வெளிய கேட்டுப் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி அவள் கையைப் பிடிக்கப் போய், பாதியில் என் கையை இழுத்துக்கொண்டேன்.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். பார்த்தும் பார்க்காத மாதிரி தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"அந்த ஆசையெல்லாம் அன்னைக்கே போயிடுச்சுக்கா" என்றாள். "அவனால இல்ல. முறுக்கு எடுத்துக்குங்க, ஒண்ணுமே சாப்பிடலையே நீங்க."